கோதுமை பீர் ருசிக்க எந்த ஊரில் தங்குவது? மியூனிக், கெல்ஹைம், சால்ஸ்பர்க், லைப்சிக், பெர்லின்: ஓர் ஒப்பீடு

ஐரோப்பாவுக்குக் கிளம்பும் வாசகர்கள் சிலர் அடிக்கடி கேட்பது இது: "ஜெர்மனிப் பக்கம் நாலைந்து நாள் கையில் இருக்கிறது. கோதுமை பீரை அது பிறந்த இடத்திலேயே குடித்துப் பார்க்க ஆசை. மியூனிக்கிலேயே இருந்துவிடலாமா, ஆஸ்திரியாவுக்குள் சால்ஸ்பர்க் வரை போகலாமா, பெர்லினையும் சேர்த்துக்கொள்ளலாமா?"

கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு பீர் ஆலைகள் இருக்கும். அந்தப் பட்டியலை வாங்கியதும் நான் முதலில் போடுவது கிளாஸ் கணக்கு. அதைப் போட்டவுடனே பட்டியலில் முக்கால்வாசி தானாக உதிர்ந்துவிடும்.

## முதலில் கிளாஸ் கணக்கு

மியூனிக் இருக்கும் தென் ஜெர்மன் மாநிலமான பவேரியாவில் கோதுமை பீர் என்றால் அரை லிட்டர். சில கடைகளில் 0.3 லிட்டர் கிளாஸும் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. சாதாரண ஹெஃபெவைட்சன், அதாவது ஈஸ்ட் கலங்கிய வெளிர்நிறக் கோதுமை பீர், பெரும்பாலும் 5 முதல் 5.5 சதவீத ஆல்கஹால் கொண்டது. 5.4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிளாஸில் சுமார் 21 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நம்மூர் 330 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்றால், 13 கிராம்தான். வைட்சன்போக் என்ற கனமான வகைக்குப் போனால், 8.2 சதவீதத்தில் அரை லிட்டருக்கு 32 கிராம் ஆகிவிடும்.

இதோடு வயிற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோதுமை பீரில் வாயு அதிகம், அடர்த்தியும் அதிகம். ஒரு கிளாஸ் குடித்தாலே பாதிச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்கும். என் அனுபவத்தில், ருசி பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு குடிப்பவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ்தான்: மதியம் ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. மூன்றாவது கிளாஸில் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும், மறுநாள் எதுவும் நினைவில் இருக்காது.

ஆக, நான்கு நாளுக்கு எட்டு கிளாஸ். இரண்டு பேராகப் போய், ஆளுக்கு ஒரு வகை வாங்கி மாற்றி மாற்றிக் குடித்தால் பதினாறு வகைகளை எட்டலாம். அந்த எட்டு கிளாஸை எங்கே செலவிடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. ஊர் ஊராக ஓடுவதில் பயனில்லை. இரண்டு ஊர்களுக்கு மேல் சேர்க்காதீர்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதல் அளவுகோல், ருசிகளுக்கு இடையே உள்ள தூரம். ஒரே மாதிரி நான்கு ஹெஃபெவைட்சன் குடிப்பதை விட, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் மூன்று வகைகள் அதிகம் கற்றுத்தரும்.

இரண்டாவது, அந்த ஊருக்குப் போனால்தான் கிடைக்குமா என்பது. பவேரிய பீர்களான எர்டிங்கரும் வைஹன்ஸ்டெஃபானும் இந்தியப் பெருநகரங்களில் இறக்குமதிச் சரக்காகவே கிடைக்கின்றன. புதிதாகக் குடிக்கும்போது வித்தியாசம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஊரை விட்டு அதிகம் வெளியே போகாத பீருக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு: ரயில், அறை வாடகை, காத்திருப்பு, திரும்பி வரும் வழி. நான்காவது, உடன் வருபவர்கள். குடிக்காத துணை, குழந்தைகள், சைவச் சாப்பாட்டுக்காரர் யாராவது இருந்தால் விடை முற்றிலும் மாறும்.

ருசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வு அதில்தான் நிற்கிறது. பவேரியக் கோதுமை பீரில் மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில், குறைந்தது பாதி கோதுமையாக இருக்க வேண்டும் என்பது விதி, மிச்சம் பார்லி. ஆனால் அந்தப் பீரின் தனி வாசம் கோதுமையிலிருந்து வருவதைவிட ஈஸ்ட்டிலிருந்துதான் அதிகம் வருகிறது. பீரின் மேற்பரப்பில் திரண்டு நொதிக்கவைக்கும் மேல்நொதி ஈஸ்ட் இரண்டு வாசனைகளைத் தருகிறது. ஒன்று ஐசோஅமைல் அசிட்டேட். கனிந்த வாழைப்பழத்தில் இருக்கும் அதே பொருள். இன்னொன்று 4-வினைல் குவையகோல். கிராம்பை நினைவூட்டும் காரமான வாசம். மால்ட்டை 44 டிகிரி செல்சியஸ் அளவில் சற்று நேரம் ஊறவைத்துவிட்டுச் சூட்டை ஏற்றினால் கிராம்பு தூக்கலாகும். மூடாத அகலத் தொட்டிகளில் நொதிக்கவிட்டால் வாழைப்பழம் தூக்கலாகும். ஒவ்வோர் ஆலையும் இந்த இரண்டுக்கும் நடுவில் தனக்கென ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த இரண்டு வாசமும் பிடிக்காது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கோதுமை பீரில் இடம் உண்டு. அது வடக்கே, புளிப்புப் பக்கம்.

## ஒரே பார்வையில்

| தங்கும் ஊர் | முக்கிய ருசி | ஒரு கிளாஸ் | ஆல்கஹால் | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| மியூனிக் | வாழைப்பழம், கிராம்பு, கருப்பு மால்ட். எல்லாம் | 0.5 லி | 5–5.5% | செப்டம்பர் கடைசியில் அறை வாடகை | முதல் முறை போகிறவர், நாள் குறைவானவர் |
| ரேகன்ஸ்பர்க், கெல்ஹைம் | கிராம்பு, ரொட்டி மணம், கனமான போக் | 0.5 லி | 5.4–8.2% | பேருந்து மாறுதல், படகுப் பருவம் | ஏற்கெனவே மியூனிக் பார்த்தவர் |
| சால்ஸ்பர்க் | மென்மையான பவேரிய வழி | 0.5 லி; 0.3ம் கிடைக்கும் | 5% சுற்றி | திருவிழாக் கால வாடகை, எல்லைச் சோதனை | குடும்பத்தோடு போகிறவர் |
| லைப்சிக் | புளிப்பு, உப்பு, கொத்தமல்லி | சிறியதும் கிடைக்கும் | 4.5% சுற்றி | தெற்கிலிருந்து நீண்ட ரயில் | வாழைப்பழ வாசம் பிடிக்காதவர் |
| பெர்லின் | நல்ல புளிப்பு | 0.33 லி | 3% சுற்றி | தேடி அலையும் நேரம் | வேறு வேலையாக அங்கே இருப்பவர் |

## மியூனிக்

1516இல் பவேரியக் கோமகன்கள் இங்கோல்ஸ்டாட்டில் போட்ட சட்டம் பீருக்குத் தண்ணீர், பார்லி, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ மட்டும்தான் என்றது. கோதுமை ரொட்டிக்குப் போக வேண்டும் என்பது அதன் பின்னால் இருந்த கவலைகளில் ஒன்று. அப்படியிருந்தும் டேகன்பர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் கோதுமை பீர் காய்ச்சும் தனியுரிமை இருந்தது. 1602இல் அந்தக் குடும்பம் வாரிசில்லாமல் போக, உரிமை கோமகன் முதலாம் மாக்சிமிலியன் கைக்கு வந்தது. அவர் அதைத் தனக்கே வைத்துக்கொண்டு கோதுமை பீர் ஆலைகளைத் திறந்தார். கஜானா நிறைந்தது. இன்று சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ஹோஃப்பிராய்ஹவுஸ் நிற்பது அப்படி எழுந்த ஓர் ஆலையின் இடத்தில்தான். பிறகு மக்கள் ரசனை லாகர் என்ற பார்லி பீரின் பக்கம் சாய்ந்து கோதுமை பீர் நலிந்தபோது, 1872இல் கியோர்க் ஷ்னைடர் என்பவர் அதைக் காய்ச்சும் உரிமையை அரச குடும்பத்திடமிருந்து பெற்று நகருக்குள் 'டால்' தெருவில் ஆலை வைத்தார். 1944 குண்டுவீச்சில் அந்த ஆலை அழிந்தது. காய்ச்சும் வேலை கெல்ஹைமுக்குப் போனது. உணவகம் மட்டும் டால் தெருவில், மரியன்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில், இப்போதும் இருக்கிறது.

மியூனிக்கில் தங்குவதன் பலம் இதுதான்: ஒரே அறையில் பெட்டியை வைத்துவிட்டு எல்லாப் பக்கமும் போய் வரலாம். ஷ்னைடர் உணவகத்தில் 'ஒரிஜினல்' என்ற அவர்களுடைய பீர், செம்மண் நிறத்தில், கிராம்பும் ரொட்டிப் பொருக்கும் மணக்கும். மறுநாள் பக்கத்து ஊரான ஃப்ரைசிங் போய் வைஹன்ஸ்டெஃபான் குன்றில் அந்த ஆலையின் ஹெஃபெவைஸ்பியர் (வைஸ்பியர் என்பதும் கோதுமை பீர்தான்). வெளிர்நிறம், வாழைப்பழம் முன்னால் நிற்கும். இரண்டுக்கும் ஆல்கஹால் ஒரே அளவு, 5.4 சதவீதம். ஒரு கோதுமை பீரிலிருந்து இன்னொன்று எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதை அந்த இரண்டு கிளாஸும் காட்டிவிடும். என்னைக் கேட்டால் வாழ்க்கையில் கோதுமை பீருக்கு இரண்டே கிளாஸ்தான் என்றால் இந்த இரண்டும்தான்.

வைஹன்ஸ்டெஃபான் தன் வரலாற்றை 1040ஆம் ஆண்டு மடாலயத்திலிருந்து தொடங்கிச் சொல்கிறது. இன்று அது பவேரிய அரசின் ஆலை. பக்கத்திலேயே மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பீர்த் தொழில்நுட்பத் துறை. அங்கே போக எஸ்1 புறநகர் ரயில் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நொய்ஃபார்ன் நிலையத்தில் அந்த ரயில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி விமான நிலையத்துக்கும் இன்னொரு பாதி ஃப்ரைசிங்குக்கும் போகும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். நேராகப் போகும் வட்டார ரயில் கிடைத்தால் அது இன்னும் வேகம், அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும்.

எஸ்2 ரயில் எர்டிங்குக்குப் போகும். பெயர் பெரியது, பீர் மென்மையானது. எட்டு கிளாஸில் ஒன்றை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாள் மிஞ்சினால் தெற்கே முர்னாவ் ஊருக்குப் போய் கார்க் வைஸ்பியர் குடிப்பது மேல். நன்றாகக் கலங்கிய, ஈஸ்ட் நிறைந்த பீர். ஆல்ப்ஸ் மலையும் எதிரில் தெரியும்.

சாப்பாட்டு விஷயத்தில் மியூனிக் சைவர்களுக்குக் கடினம் என்று ஒரு பேச்சு உண்டு. உணவகங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. காலையில் வைஸ்பியரோடு வரும் வெள்ளை சாசேஜில் கன்று இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இருக்கும். டால் தெரு உணவகம் உள்ளுறுப்பு இறைச்சிகளுக்கே பெயர் பெற்றது. பாலாடைக்கட்டி போட்ட கேஸ்ஷ்பெட்ஸ்லே, பிரெட்சல், ஒபாட்ஸ்டா என்ற மசித்த பாலாடைக்கட்டி ஆகியவைதான் துணை. ஆனால் பீர்த் தோட்டங்களின் வழக்கம் வேறு. விரிப்புப் போடாத மேசைகளில் நம் சாப்பாட்டை நாமே கொண்டுபோய்ச் சாப்பிடலாம், பீர் மட்டும் அங்கே வாங்கினால் போதும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் இந்தப் பழக்கத்தை 1999இல் பவேரிய அரசின் விதியும் பீர்த் தோட்டத்தின் அடையாளமாகவே குறித்திருக்கிறது. புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். விக்டுவாலியன்மார்க்ட் சந்தை நடுவில் இருக்கும் தோட்டத்தில் பக்கத்துக் கடையிலேயே பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு உட்காரலாம்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது அக்டோபர்ஃபெஸ்ட். செப்டம்பர் பின்பாதியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை அறை வாடகை பல மடங்கு ஏறும். அந்தத் திருவிழாவின் ஒரு லிட்டர் மக்குகளில் ஊற்றுவது லாகர். கோதுமை பீருக்காகப் போகிறவர் அந்த வாரங்களைத் தவிர்ப்பதே நல்லது. ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், மற்ற நாளில் இரவு 8 மணிக்குச் சாத்திவிடுவார்கள். கடையில் பாட்டில் வாங்கி அறையில் ருசி பார்க்க நினைப்பவர் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். அது நல்ல யோசனையும்கூட: உணவகத்தின் விலையில் சிறு பங்குதான் ஆகும், பாதி குடித்து மிச்சத்தைத் துணைக்குக் கொடுக்கலாம், காலிப் பாட்டிலைத் திருப்பினால் 8 சென்ட் திரும்பும். நகரின் எஸ்-பான் (புறநகர்), யு-பான் (சுரங்க) ரயில்களில் மது குடிக்கத் தடை இருக்கிறது.

விமானம் மாறும் இடைவெளியில் மியூனிக் விமான நிலையத்தில் சில மணி நேரம் கிடைப்பவர்களுக்கு: இரண்டு முனையங்களுக்கு நடுவே ஏர்பிராய் என்ற ஆலை அங்கேயே பீர் காய்ச்சுகிறது, கோதுமை பீரும் உண்டு. ஆனால் அது வெளிப்பக்கம். ஷெங்கன் விசா இல்லாமல் போக முடியாது.

## ரேகன்ஸ்பர்க், கெல்ஹைம்

கெல்ஹைமின் கோதுமை பீர் ஆலை 1607இல் தொடங்கியது. மாக்சிமிலியன் காலத்து ஆலைகளில் இன்றும் கோதுமை பீர் காய்ச்சிக்கொண்டிருப்பது. 1920களின் கடைசியிலிருந்து ஷ்னைடர் குடும்பத்தின் கையில் இருக்கிறது. நொதித்தல் இன்னும் திறந்த தொட்டிகளில். பாட்டிலுக்குள் இரண்டாம் முறையும் நொதிக்கும். ஆலையைச் சுற்றிக் காட்டுவார்கள், முன்பதிவு வேண்டும், விளக்கம் பெரும்பாலும் ஜெர்மனில். மொழி புரியாவிட்டாலும் திறந்த தொட்டியில் நுரை பொங்கி நிற்பதைப் பார்க்க அது தகும்.

இந்த ஊரின் பீர் அவென்டினுஸ். 1907இல் வந்த கருஞ்சிவப்புக் கோதுமை டோப்பல்போக், 8.2 சதவீதம். உலர்ந்த பேரீச்சை, கிராம்பு, கொஞ்சம் சாக்லேட் போன்ற வறுத்த மணம். இதைக் குடிக்கும் நாளில் அன்றைய கணக்கு அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை கிளாஸுக்குச் சமமான ஆல்கஹால் ஒரே கிளாஸில் இருக்கிறது. இனிப்பு அதை மறைத்துவிடும்.

தங்குவதற்கு நான் ரேகன்ஸ்பர்க்கைச் சொல்வேன். 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பழைய நகரம், டான்யூப் மேல் இடைக்காலக் கல்பாலம், மியூனிக்கைவிட அமைதி. கெல்ஹைம் ஊருக்குள் பயணிகள் ரயில் வராது. சால் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். மாலையில் பேருந்துகள் குறையும் என்பதால் கடைசி வண்டியின் நேரத்தைப் போகும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டுக் கார் ஓட்டும் யோசனையே வேண்டாம்: ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 பங்குதான் வரம்பு, அதற்குக் கீழேயும் விபத்து நேர்ந்தால் ஜெர்மனியில் தண்டனை உண்டு.

கெல்ஹைமிலிருந்து டான்யூப் குறுகிப் பாயும் பாறை இடுக்கு வழியே வெல்டன்பர்க் மடாலயத்துக்குப் படகு போகும். குளிர்காலத்தில் படகு ஓடாது. மடாலய ஆலையின் பெருமை அதன் கருப்பு லாகர். ஆற்றங்கரைத் தோட்டத்தில் உட்கார்ந்து அதைக் குடிக்கும் நாளில் கோதுமைக் கணக்கில் ஒன்று குறையும். நான் அதைக் குறையாக நினைக்கமாட்டேன்.

## சால்ஸ்பர்க்

ஆஸ்திரியாவைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது லாகர் நாடு. அங்கே சாதாரணமாகப் பீர் என்று கேட்டால் மெர்ட்சன் என்ற வெளிர் லாகர் வரும். வியன்னாவில் கோதுமை பீர் கேட்டால் பெரும்பாலும் நாடெங்கும் விற்கும் எடல்வைஸ் பாட்டிலோ எல்லை தாண்டி வந்த பவேரியச் சரக்கோ கையில் கிடைக்கும். கோதுமை பீருக்காக மட்டும் வியன்னா போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சால்ஸ்பர்க் விதிவிலக்கு. பவேரியா ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது, பழக்கமும் கலந்தே இருக்கிறது. ரூபர்ட்காஸே தெருவில் 1901 முதல் இருக்கும் 'டீ வைஸே' என்ற விடுதி கோதுமை பீரையே தன் தொழிலாக வைத்திருக்கிறது. பாட்டிலுக்குள் நொதிக்கும் பீர், வாழைப்பழமும் கிராம்பும் அடக்கமாகச் சேர்ந்து நிற்கும், குடித்து முடித்த பின் வாயில் கனம் தங்காது. அந்த ஊரை விட்டு அதிகம் வெளியே போகாத சரக்கு என்பதால் என் இரண்டாவது அளவுகோலில் இது மேலே நிற்கிறது. எட்டில் இரண்டு கிளாஸை இங்கே தயங்காமல் கொடுக்கலாம்.

பழைய ஊரின் ஓரத்தில் இருக்கும் முயல்ன் மடாலயத்தின் பீர்க் கூடத்துக்கும் எல்லோரும் போவார்கள். 1621இல் தொடங்கியது, மரப் பீப்பாயிலிருந்து கல் மக்கில் ஊற்றுவார்கள், அருமையான இடம். ஆனால் அங்கே ஊற்றுவது மெர்ட்சன். கோதுமை பீர் என்று நினைத்துப் போய் ஏமாறாமல் இருந்தால் சரி.

சால்ஸ்பர்க்கின் உண்மையான பலம் உடன் வருபவர்களுக்கு. கோட்டை, மோட்சார்ட் பிறந்த வீடு, சுற்றிலும் ஏரிகள்; குடிக்காதவர் ஒரு நிமிடம்கூடச் சலிப்படைய மாட்டார். நீங்கள் ஒரு கிளாஸோடு மதியத்தை ஓட்டும்போது அவர்கள் மலையேறிவிட்டு வரலாம்.

செலவுப் பக்கம்: ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய இசைத் திருவிழா, டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை. அப்போது வாடகை கடுமையாக ஏறும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜெர்மனியில் ஃப்ரைலாஸிங் அடுத்த ஊர், ரயிலில் பத்து நிமிடத்துக்குள். அங்கே அறை எடுத்தால் தாங்கும். மியூனிக்கிலிருந்து போய்வர பவேரியா நாள் டிக்கெட் சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும், வட்டார ரயில்களில் மட்டும். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம் என்பதால் குழுவாகப் போனால் ஆளுக்கு மிகக் குறைவாக வரும். ஒரே ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் போதும். ஆனாலும் திரும்பி வரும் ரயிலில் ஜெர்மன் போலீஸ் சோதனை செய்வது வழக்கமாகிவிட்டது; பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

## லைப்சிக்

வாழைப்பழ வாசம் பிடிக்காதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஊரை. லைப்சிக்கின் கோஸே கோதுமை பீர்தான், ஆனால் லாக்டிக் அமிலத்தால் புளித்தது, கொத்தமல்லி விதையும் உப்பும் சேர்த்தது. முதல் வாய் உப்புப் போட்ட எலுமிச்சை சோடா போல இருக்கும். பிறகு கோதுமையின் மென்மை மெதுவாக வரும். தனியா மணம் நமக்குப் பழக்கமானது என்பதால், ஐரோப்பியர் பலரை முகம் சுளிக்க வைக்கும் இந்தப் பீர் தமிழ் நாக்குக்குச் சீக்கிரம் பிடித்துவிடுகிறது. புளிப்பும் உப்பும் நமக்கு அந்நியமில்லையே.

கோஸ்லார் என்ற ஊரில் பிறந்து 18ஆம் நூற்றாண்டில் லைப்சிக்கில் வேர்விட்ட பீர் இது. 1966இல் காய்ச்சுவது நின்றே போனது. 1986இல் பழைய கோஸே விடுதியான 'ஓனே பெடென்கன்' மீண்டும் திறந்தபோது உயிர் பெற்றது. 2000 முதல் பாயரிஷர் பான்ஹோஃப் என்ற பழைய ரயில் நிலையத்துக்குள்ளேயே ஓர் ஆலை கோஸே காய்ச்சுகிறது. அந்த நிலையம் 1842இல் திறக்கப்பட்டது. உப்பும் கொத்தமல்லியும், மேலே சொன்ன 1516 சட்டத்தின் வழிவந்த ஜெர்மன் தூய்மை விதிக்கு ஒவ்வாதவை. வட்டாரச் சிறப்பு என்ற விலக்கில்தான் இது வாழ்கிறது.

சுமார் 4.5 சதவீதம், சிறிய கிளாஸிலும் வாங்கலாம் என்பதால் ஒரே மாலையில் இரண்டு வகையை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இழப்பு தூரத்தில்: மியூனிக்கிலிருந்து வேக ரயிலிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல். டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காவிட்டால் இந்த ஒரு பயணம் எட்டு கிளாஸ் பீரின் மொத்த விலையையும் தாண்டிவிடும்.

## பெர்லின்

பெர்லினர் வைஸே 19ஆம் நூற்றாண்டில் அந்த நகரத்தின் சொந்தப் பீராக இருந்தது. சுமார் 3 சதவீதம்தான், கூர்மையான புளிப்பு, ஷாம்பெயின் போல நுரை. இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பது ராஸ்பெர்ரியின் சிவப்பு சிரப்போ, வால்ட்மைஸ்டர் என்ற மூலிகையின் பச்சை சிரப்போ ஊற்றி ஸ்ட்ரா போட்டுத் தருவது. சிரப் போட்டால் பீரின் ருசி அதில் மறைந்துவிடும். ஒரு முறையாவது சிரப் இல்லாமல் கேளுங்கள். பிரெட்டானோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டோடு பழைய முறையில் செய்யும் சிறிய ஆலைகளின் பாட்டில்கள் தனி உலகம். ஆனால் அவற்றைத் தேடி நகரத்தின் பல மூலைகளுக்கு அலைய வேண்டும். பெர்லினுக்கு வேறு காரணத்துக்காகப் போகிறீர்கள் என்றால் ஒரு மாலையை இதற்குக் கொடுங்கள். புளிப்புக் கோதுமை பீருக்காகவே வடக்கே போகிறீர்கள் என்றால் லைப்சிக்தான் சரி. பெர்லினிலிருந்து அங்கே ஒன்றேகால் மணி நேரம்.

பாம்பர்க் பற்றியும் கேட்பார்கள். புகையில் உலர்த்திய மால்ட்டுக்குப் பெயர் பெற்ற ஷ்லென்கெர்லா ஒரு கோதுமை பீரும் செய்கிறது. மியூனிக்கிலிருந்து லைப்சிக் போகும் வழியில் இறங்கக்கூடிய ஊர் அது, ஒரு கிளாஸுக்கு இறங்கலாம்.

## யாருக்கு எது

மூன்று நாளோ அதற்குக் குறைவோ இருந்தால் மியூனிக், வேறு யோசனை வேண்டாம். ஃப்ரைசிங் ஒரு நாள், டால் தெரு ஒரு மாலை, ஒரு பீர்த் தோட்டம்.

நான்கைந்து நாளும் குடும்பமும் இருந்தால் மியூனிக்கில் பாதி, சால்ஸ்பர்க்கில் பாதி. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அதிக இரவுகள் எந்த நாட்டில் என்று பார்த்து அந்த நாட்டுத் தூதரகத்துக்கு விண்ணப்பியுங்கள். சரிபாதி வந்தால் முதலில் நுழையும் நாடு.

பவேரியாவுக்கு இது இரண்டாவது பயணம், கூட்டம் வேண்டாம், மே முதல் செப்டம்பருக்குள் போகிறீர்கள் என்றால் ரேகன்ஸ்பர்க். பீரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆர்வம் உள்ளவருக்கு இதைவிட நல்ல ஊர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

புளிப்புப் பிரியர்களுக்கு மியூனிக் இரண்டு இரவு, லைப்சிக் இரண்டு இரவு. இரண்டு துருவங்களையும் பார்த்துவிடலாம், நடுவில் ஒரு நீண்ட ரயில் பயணம் மட்டும்தான் விலை.

மருந்து சாப்பிடுகிறவர், கார் ஓட்டுகிறவர், குடிப்பழக்கம் இல்லாத துணை ஆகியோருக்கு ஆல்கஹால் நீக்கிய கோதுமை பீர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஜெர்மனியில் மாரத்தான் ஓடி முடித்தவர்களே அதைக் குடிப்பார்கள். வேண்டாவெறுப்பாகக் கொடுக்கும் பண்டமாக அதை யாரும் நடத்துவதில்லை. ஆனால் 'ஆல்கஹால் இல்லாதது' என்ற பெயரில் 0.5 சதவீதம் வரை இருக்க அனுமதி உண்டு. துளியும் கூடாது என்பவர் 0.0 என்று அச்சிட்ட பாட்டிலைத்தான் எடுக்க வேண்டும். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் ஆகாது, ஆல்கஹால் நீக்கியதும் சேர்த்து.

ஊருக்கு எடுத்து வர ஆசைப்படுகிறவர்கள் அவென்டினுஸை மட்டும் எடுத்து வாருங்கள். மற்ற ஹெஃபெவைட்சன்கள் புதிதாகக் குடிக்க வேண்டியவை, வெயிலிலும் பெட்டியிலும் சில வாரங்களில் மங்கிவிடும். அவென்டினுஸ் இருட்டில் நிமிர்த்தி வைத்தால் வருடக்கணக்கில் முதிரும். இந்தியச் சுங்கத்தில் தீர்வையில்லாமல் அனுமதி 2 லிட்டர், அதாவது நான்கு பாட்டில். கைப்பையில் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.